அர்மீனியஸ்மேல் ஒரு பொய்ச்சாட்சி

முன்குறித்தலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: கால்வின் கிருபையைப் பிரசங்கித்தார், அர்மீனியஸ் மனுஷனுடைய சுயசித்தத்தைப் பிரசங்கித்தார் என்று. கேட்பவர்களும் தலையசைக்கிறார்கள். வேதத்தைக் கருத்தாய் வாசிக்கிற விசுவாசிகள் இவர்கள். அதனால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

யாக்கோபு அர்மீனியஸ் கால்வினின் ஜெனீவாவிலேயே, கால்வினுக்குப் பின்வந்த பேசாவிடம் பாடம் கேட்டவர். 1603 முதல் லேய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். முன்குறித்தல் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. விசுவாசிப்பவர்களைத் தேவன் முன்னறிந்து தெரிந்துகொண்டார் என்றார். பாவத்தையும் அவிசுவாசத்தையும் பாராமலே சிலரைக் கேட்டுக்கென்று குறித்துவிட்டார் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

1609-ல் அவர் இறந்தார். மறு ஆண்டே அவர் வழிநின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை எழுதினார்கள். மூன்றாம் கூறு என்ன சொல்கிறது? இரட்சிப்புக்கேற்ற விசுவாசம் மனிதனுடைய சித்தத்தின் பலத்தால் வராது, அவன் தேவனால் மறுபடி பிறந்தாக வேண்டும் என்கிறது. நான்காம் கூறு, நன்மையின் தொடக்கமும் வளர்ச்சியும் நிறைவும் கிருபையே என்கிறது. அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்துத் தள்ள முடியும் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறது. சுயசித்தப் போதனை என்று சொல்லி இதையா 418-ல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்த பெலேஜியஸின் போதனையோடு ஒன்றாக்குவது? பெலேஜியஸோ மனிதன் தன் இயல்பான பலத்தாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றவர்!

அர்மீனியஸே ஓர் உவமை தந்தார். செல்வர் ஒருவர் தருமம் இடுகிறார். ஏழை கை நீட்டி வாங்குகிறான். கை நீட்டியதால் அது தருமம் இல்லை என்றாகுமா?

இந்தச் சர்ச்சையைத் தீர்க்க 1618 நவம்பரில் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கத்துக்கு அவருடைய சீஷர்கள் குற்றம்சாட்டப்பட்டவர்களாகவே அழைக்கப்பட்டார்கள். 1619 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். நம் கைக்கு வந்திருப்பது வென்றவர்கள் தந்த அர்மீனியஸ்.

ஜான் வெஸ்லி 1778-ல் தம் பத்திரிகைக்கு அர்மீனியஸின் பெயரையே சூட்டினார். அந்த வெஸ்லியின் மெதடிஸ்டுகளும், கால்வின் மரபில் வந்த பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் 1947-ல் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையில்தான் நம்மில் பலர் ஞானஸ்நானம் பெற்றோம். கிருபையை எதிர்க்க முடியுமா என்று வாதாடுங்கள். ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வைத்து விடிய விடிய வாதாடுங்கள். ஆனால் அடுத்த வேதபாட வகுப்பில் அர்மீனியஸின் பெயரை எடுப்பதற்கு முன் அந்த மூன்றாம் கூறை ஒருமுறை உரக்க வாசியுங்கள்.