கிருமியின் கொத்தனார்

எங்கள் ஆத்தங்குடிப் பிள்ளைகள் தளக்கல் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வர்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமிட்டியும் இட்டுச் சாந்து பூசி, தண்ணீரில் ஊறப்போடும் வித்தை அவர்களுக்கு மனப்பாடம். ஆகையால், ஒரே செல்லாலான ஜீவராசிகளைப் பற்றி நான் பாடம் சொன்ன அன்று ஒரு மாணவன் எழுந்து, "ஸார், வீடும் அதுவே, குடியிருப்பதும் அதுவே என்றால் கொத்தனார் யார்?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை.

நியாயமான கேள்விதான். நம் குடலில் வாசம் செய்யும் ஈ.கோலி என்னும் பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் சுமார் 500-இல் ஒரு பங்கு நீளமே உடையது. அதற்குள் ஆயிரக்கணக்கான கொத்தனார்கள்! ரிபோசோம் என்று அவர்களுக்குப் பெயர். டி.என்.ஏ. என்னும் மூல ஓலையிலிருந்து வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலை ரிபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சிற்றாளைப் போன்ற வேறொரு சிறு ஆர்.என்.ஏ. சுமந்து வந்து கொடுக்கிறது. மொத்தம் 20 வகை அமிலங்கள். செழிப்பான வேளையில் வினாடிக்கு இருபது வரை கோக்கப்படும் இந்தச் சரம் மடிந்து சுருண்டு உருக்கொண்டால், அதுவே புரதம்.

கிருமியின் மதிற்சுவர் முழுதும் புரதம் என்று எண்ணிவிடக் கூடாது; ஆனால் அதை எழுப்பும் ஆட்கள் புரதங்களே. நீந்துவதற்கு அது வைத்திருக்கும் வால் இருக்கிறதே, அதுதான் அற்புதம்! ஆயிரக்கணக்கான புரதத் துண்டுகள் வாலின் நடுவிலுள்ள துளை வழியே ஊர்ந்து சென்று, நுனியில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. நம் தலைமயிர் அடியிலிருந்து வளர்கிறது; அந்த வாலோ நுனியில் வளர்கிறது.

இந்தக் கொத்தனாரின் அங்க அமைப்பை அணு அணுவாகக் கண்டவர்களில் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பிறகு உயிரியலுக்குத் திரும்பியவர். வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரிபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, அதன் சிறு பகுதியின் அமைப்பை 2000-இல் அவருடைய குழுவினர் வெளியிட்டார்கள். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆராய்ச்சியில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு சிரத்தை உண்டு. என் பாட்டனார் 1950-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் காசநோயிலிருந்து பிழைத்தவர். 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்து ரிபோசோமில் எவ்விடத்தில் உட்காருகிறது என்பதையும் அதே 2000-இல் இராமகிருஷ்ணன் குழுவினர் காட்டினார்கள். மருந்து அங்கே அமர்ந்ததும் கொத்தனாருக்கு எழுத்துத் தடுமாறுகிறது. தவறான அமிலத்தைக் கோக்கிறார். கோணல் புரதங்கள் குவிந்து கிருமி மடிகிறது. நம்முடைய ரிபோசோமின் அமைப்பு வேறு. ஆகவே நாம் தப்புகிறோம். ஆனால் அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறிப் பிறந்த கிருமியும் தப்பிவிடும். அதனால்தான் காசநோய்க்கு ஒரே மருந்தோடு நிறுத்தாமல் பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

அந்த மருந்து செவியைத் தாக்குவதும் உண்டு. பாட்டனார் அதன் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். அவரிடம் மட்டும் நாங்கள் உரக்கப் பேச வேண்டியிருந்தது.