உழவே சான்று

வரி கொள்ளும் அரசு நிலத்தின் விலையை நோக்குதல் வேண்டுமா, விளைவை நோக்குதல் வேண்டுமா? நகரம் நெருங்க நெருங்க நிலவிலை ஏறும், விளைச்சல் ஏறாது. விலைக்கேற்ப வரி கேட்பின் உழவன் நிலத்தை விற்றே வரி செலுத்த நேரும்.

இதனை உணர்ந்தே அமெரிக்காவின் தெக்சாசு மாநிலம் 1978-இல் தன் அரசமைப்பைத் திருத்தி, விளைநிலத்தை விளைதிறன் கொண்டே மதிப்பிட வழி வகுத்தது. நாட்டுப்புற நிலம் அதற்குத் தகுதி பெற, முந்தைய 7 ஆண்டுகளுள் 5 ஆண்டுகளேனும் உழவிலோ கால்நடை வளர்ப்பிலோ இருந்திருத்தல் வேண்டும். பின்னர் அதனை மனையாக்கினால், 3 ஆண்டுகளில் குறைந்த வரியைத் திருப்பிச் செலுத்தல் வேண்டும்.

ஆயினும், 5 முதல் 20 ஏக்கர் நிலத்தில் தேனீ வளர்ப்பும் போதும் என்றிருப்பதால், தேன்பெட்டிகள் சிலவற்றை வைத்தே வரி குறைத்துக் கொள்வாரும் உளர். ஆங்கே விழிப்பு வேண்டும். சலுகை உழைப்புக்கு உரியது, உடைமைக்கு உரியதன்று!