ராஜாஜி எதிர்த்த ஊசி!

திருப்பரங்குன்றத்துக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்பது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை. அங்கே பிறக்கும் குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். காசநோயைத் தடுக்கும் ஊசி. வேடிக்கையைப் பாருங்கள்: 1955-ல் அந்த ஊசியைக் கடுமையாக எதிர்த்தவரே ராஜாஜிதான்!

வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமிதான் அந்த மருந்து. நோயில்லாத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அதைப் போடலாமா, பலன் நிச்சயமா என்று கேட்டார். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் பின்வாங்கவில்லை. ஒரு தரப்புக்கு ஊசியே ஆபத்து. மறு தரப்புக்குக் கேள்வி கேட்பதே பிற்போக்கு. பிள்ளையின் கையை நீட்டுவதா, வேண்டாமா? பெற்ற தாய் யாரைக் கேட்பாள்?

செங்கல்பட்டில் சோதனை

1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. சிலருக்கு மருந்து ஊசி. சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அது அநியாயம் இல்லையா என்று கேட்கலாம். பலன் உண்டா என்பதே தெரியாதபோது, தெரிந்துகொள்ள வேறு வழி ஏது?

1979-ல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை! ராஜாஜியின் சந்தேகம் முழுக்க வீணல்ல. ஆனால், குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்தை அது தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள்.