பளபளப்பு வேணாம் மாமா!

மாரண்டஹள்ளி மாமா வீட்டு வாசலில் நம்மை முதலில் வரவேற்பது நாய் இல்லை ஸார், 'ஸ்டாண்டர்டு 20' வேன்! சென்னைத் தயாரிப்பு. இங்கிலாந்தில் 1958-ல் வந்த 'அட்லஸ்' வேன் இதற்கு மூத்த அண்ணன். வேன் செய்த கம்பெனி 1980-களின் கடைசியிலேயே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மாமாதான் இன்னும் நிறுத்தவில்லை.

போன வாரம் போனபோது உப்புத்தாளும் கையுமாக நின்றார்.

"டேஷ்போர்டு மங்கிப்போச்சு மாப்ளே. பளபளன்னு பெயிண்ட் அடிச்சுடலாம்!"

"ஐயோ மாமா! அது மங்கலா இருந்தாத்தான் நல்லது. பளபளத்தா, வெயில்ல அதோட நிழல் முன்கண்ணாடியில விழும். எதிர்ல லாரி தெரியாது, எமன்தான் தெரிவான்!"

"அப்ப பழைய கலரை எங்க போய்த் தேடறது?"

மீட்டரைக் கழற்றிக் காட்டினேன். வளையத்துக்கு அடியில் வெயிலே படாத பெயிண்ட், கம்பெனியில் அடித்தபடியே இருந்தது.

"இந்தக் கலரைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்க. துரு ஏறின இடத்துல மட்டும் அடிச்சாப் போதும்."

ஸ்டீயரிங் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தகரமே தெரிந்தது. "இங்கேயும் அடிக்கணுமே மாமா?"

மாமா குரல் இறங்கிவிட்டது. "அது உங்க தாத்தா கை, மாப்ளே. வண்டியை எடுக்கறதுக்கு முந்தி தினம் ஒரு தட்டு தட்டுவார்."

பேசாமல் உப்புத்தாளை வாங்கி வைத்துவிட்டேன். அந்த இடத்துக்குத் துருப்பிடிக்காமல் மெழுகு மட்டும் தடவினோம்.

திங்கட்கிழமை ஆபீஸில் என் மேஜையைப் பார்த்தேன். அதிலும் ஓரிடத்தில் பாலிஷ் போயிருந்தது.

தலை வைத்துத் தூங்குகிற இடம்!