பெரும் காபி நிறுவனங்களும் ஊர்க் காபிக் கடைகளும்: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு நகரங்களில் பெரும் நிறுவனங்களின் காபிக் கிளைகள் பெருகிவருகின்றன. அதே வீதிகளில் டபரா டம்ளரில் காபி கொடுத்துவந்த சிறு கடைகள் பல, ஏறும் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் உள்தெருவுக்கு நகர்கின்றன, சில பூட்டப்படுகின்றன. இதில் மக்களின் மனம் எந்தப் பக்கம், அரசு செய்யவேண்டியது என்ன என்ற கேள்விகள் எங்கள் நுகர்வோர் அமைப்பின் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்தன. உறுப்பினர்களின் கருத்துகளைக் கேட்டு, விவாதித்து, நாங்கள் எட்டிய முடிவை இந்த அறிக்கையில் முன்வைக்கிறோம்.

எங்கள் முடிவு

பெரும் நிறுவனங்களைத் தடைசெய்ய வேண்டும் என்றோ புறக்கணிக்க வேண்டும் என்றோ நாங்கள் கோரவில்லை. ஊர்க் காபிக் கடைகள் நிலைத்திருப்பது பொதுநலன் என்று உறுதியாகக் கருதுகிறோம். அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் கையிலுள்ள இடம், சட்டம், பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு அந்தக் கடைகளைக் காக்க வேண்டும். அந்த ஆதரவைக் கேட்கும் ஊர்க் கடைகள், யார் வந்தாலும் ஒரே மாதிரி உட்காரவைத்து, ஒரே குவளையில் கொடுத்து, தூளில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்லி விற்க வேண்டும். இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்ததுதான் எங்கள் நிலைப்பாடு.

மக்கள் சொல்வது

பெரிய கடைகளை விரும்புவோர் சொல்லும் காரணங்கள் வலுவானவை. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, எந்தக் கிளைக்குப் போனாலும் மாறாத சுவை, ஒரு காபியை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடாத சூழல். வீட்டில் படிக்க இடமில்லாத மாணவருக்கும், நேர்காணலுக்கு முன் காத்திருக்கும் இளைஞருக்கும் அது பெரிய வசதி. பெண்கள் சொன்னது இன்னும் முக்கியமானது. யாருடைய பார்வைக்கும் கூச்சப்படாமல் தனியாகப் போய் உட்கார்ந்து காபி குடிக்க இப்படிப்பட்ட கடைகளில்தான் முடிந்தது என்றார்கள். ஊர்க் கடைகள் இதைக் காதில் வாங்க வேண்டும்.

ஊர்க் கடைகளை விரும்புவோர் விலையைச் சொல்கிறார்கள். அப்போதுதான் இறங்கிய டிகாஷனைச் சொல்கிறார்கள். "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்பதைக் கேட்காமலேயே நினைவில் வைத்திருக்கும் மாஸ்டரைச் சொல்கிறார்கள். தெருக்கடையில் இருபது ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் காபிக்கும், பெரும் நிறுவனத்தின் கிளையில் இருநூறு ரூபாயைத் தாண்டும் கோப்பைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. அன்றாடக் கூலிக்கு உழைப்பவரால் பின்னதை நினைத்துப் பார்க்க முடியாது.

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு: "பிடித்த கடைக்கு அவரவர் போகட்டும், சந்தை தீர்மானிக்கட்டும், இதில் அரசுக்கு என்ன வேலை?" இதை நாங்கள் ஏற்கவில்லை. இரு தரப்பும் முதலில் மோதுவது இடத்துக்காக. சுவை அதற்குப் பிறகுதான் வருகிறது. கிளைகள் நிறைய வைத்திருக்கும் நிறுவனம், ஒரு கிளையின் நட்டத்தை மற்றவற்றின் வருமானத்தாலோ முதலீட்டாளர் பணத்தாலோ சில ஆண்டுகள் தாங்கிக்கொள்ளும். நீண்டகாலக் குத்தகையும் பெரிய முன்பணமும் தரும் என்பதால் கட்டட உரிமையாளரும் அதையே விரும்புவார். ஊர்க் கடைக்காரருக்கு அன்றைய கல்லாதான் மறுநாள் பாலுக்கான பணம். அவர் காலிசெய்துவிட்ட பிறகு வாடிக்கையாளருக்குத் தேர்வு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. இரண்டு வகைக் கடைகளும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் மக்கள் கருத்து என்பதற்கே பொருள் உண்டு.

விலையேற்றம் வரும்போதும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா கொட்டை ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக் கொள்முதல் செய்ய முடியும். தேவைக்குத் தேவை தூள் வாங்கும் சிறு கடைக்கு அந்த வழி இல்லை. டம்ளருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஏற்றாவிட்டால் கை நட்டம்.

ஊர்க் கடை ஏன் வேண்டும்

ஊர்க் கடைகளை ஆதரிப்போர் சிலர் "அந்நியக் காபி" என்ற வாதத்தை எடுக்கிறார்கள். நாங்கள் அதைப் பயன்படுத்த மாட்டோம். 2012 அக்டோபரில் மும்பையில் முதல் கடையைத் திறந்த ஸ்டார்பக்ஸ், டாடா குழுமத்துடன் சரிபாதிக் கூட்டில் வந்தது. இந்தியத் தோட்டத்துக் கொட்டையையும் வாங்குகிறது. 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் தொடங்கிய கஃபே காபி டே இந்திய நிறுவனமே. கொட்டை எந்த நாட்டில் விளைந்தது என்பதை வைத்து நாங்கள் பக்கம் பிரிக்கவில்லை.

எங்கள் காரணங்கள் வேறு. முதலாவது, யாருக்காக, எந்த நேரத்தில் கடை திறந்திருக்கிறது என்பது. விடியற்காலை நான்கு மணிக்குப் பூ மார்க்கெட்டிலும், பேருந்து நிலையத்திலும், அரசு மருத்துவமனை வாசலிலும் அடுப்பு எரிவது ஊர்க் கடையில்தான். தூய்மைப் பணியாளரும், இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்தவரும், முதல் பேருந்துக்கு வந்தவரும் நம்பியிருப்பது அதைத்தான். குளிரூட்டிய கிளைகள் இந்த நேரத்துக்கும் இந்த விலைக்கும் வரப்போவதில்லை.

இரண்டாவது, சுவையின் பன்மை. தஞ்சைப் பக்கம் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கருப்பட்டிக் காபி. சாயங்காலமானால் கோவைத் தெருக்களில் சுக்குக் காபி. இவையெல்லாம் அந்தந்த ஊர்ப் பாலுக்கும், தண்ணீருக்கும், நாக்குக்கும் ஏற்ப அமைந்தவை. ஒரே பட்டியலை எல்லா ஊருக்கும் அனுப்பும் நிறுவனத்தால் இந்த வேறுபாடுகளைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, கடையைச் சுற்றியுள்ள தொழில். ஊர்க் கடைக்குப் பின்னால் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறது. பீபெரிக் கொட்டை எவ்வளவு, பிளான்டேஷன் ஏ கொட்டை எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கேட்டுக் கலந்து தரும் அனுபவம் அங்கே இருக்கிறது. பக்கத்துப் பால் சங்கம், பாத்திரக்கடை, இயந்திரம் பழுதுபார்ப்பவர் என்று பணம் ஊருக்குள்ளேயே பல கை மாறுகிறது. ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, கூடலூர், கொல்லிமலை என்று நம் மலைகளிலும் காபி விளைகிறது. நாட்டின் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பான்மையோர் பத்து ஹெக்டேருக்கும் குறைவாக நிலம் வைத்திருப்பவர்கள். விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வெளிச்சந்தை ஆட்டம் காணும்போது அவர்களைத் தாங்கக்கூடியது உள்ளூர்ச் சந்தைதான்; அது பல வாங்குநர்களின் கையில் இருப்பதே விவசாயிக்குப் பாதுகாப்பு.

பெரிய நிறுவனம் என்றால் அசையாது என்ற எண்ணமும் தவறு. 2019இல் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடைகளை வைத்திருந்த கஃபே காபி டே, கடன் நெருக்கடிக்குப் பின் ஐந்நூறுக்கும் கீழே சுருங்கியது. ஆஸ்திரேலியாவில் 2000இல் நுழைந்த ஸ்டார்பக்ஸ், 2008இல் தன் 84 கடைகளில் 61ஐ மூடியது. இத்தாலியரும் கிரேக்கரும் குடியேறி வளர்த்த எஸ்பிரெஸோ பழக்கமும் தனிக் கடைகளும் அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தன. மக்கள் தங்கள் ஊர்க் கடைகளை விடாமல் பிடித்துக்கொண்டால் எவ்வளவு பெரிய நிறுவனமும் அந்த ஊரின் சுவைக்குப் பணிய வேண்டியிருக்கும் என்பதற்கு அது சான்று.

மறைக்கக் கூடாத வரலாறு

ஊர்க் கடை என்றாலே எல்லாருக்கும் உரிய இடம் என்று பேசுவது உண்மைக்கு மாறானது. இந்த மண்ணின் காபிக் கடை வரலாற்றில் சாதி ஆழமாகப் பதிந்திருக்கிறது. உணவகங்களில் சாதி பார்த்துத் தனித்தனி இடம் ஒதுக்கிய காலம் உண்டு. பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரி, 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு பெரியார் தலைமையில் திராவிடர் கழகத்தினர் மறியல் நடத்திப் பலர் கைதானார்கள். தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையோ அதற்கு வெகுகாலத்துக்குப் பின்னும் நீடித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அதைக் குற்றம் என்கின்றன.

ஒருவரை ஒருவர் அறியாத பெரிய கடையில் "நீ யார்" என்று யாரும் கேட்பதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பாரம்பரியத்தைப் பற்றிப் பாடம் நடத்த எவருக்கும் உரிமை இல்லை. சமத்துவம் இல்லாத பாரம்பரியத்தைக் காக்கும்படி எங்கள் அமைப்பு யாரையும் கேட்காது.

இன்னொரு வரலாறும் நம்மிடம் இருக்கிறது. மத்திய அரசின் காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்கள் ஐம்பதுகளில் மூடப்பட்டு ஊழியர்கள் வேலையிழந்தபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்த ஊழியர்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கத் துணைநின்றார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் உருவானது. ஊழியர்களே உரிமையாளர்களான இந்தியன் காபி ஹவுஸ்கள் கேரளத்திலும், புதுச்சேரியிலும், வடக்கேயும் இன்றும் நடக்கின்றன. பெரும் முதலாளியும் தனி உரிமையாளரும் தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதை அவை காட்டுகின்றன.

எங்கள் கோரிக்கைகள்

தமிழ்நாடு அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும்:

1. பேருந்து நிலையம், மருத்துவமனை வளாகம், சந்தை, மெட்ரோ நிலையம் போன்ற பொது இடங்களின் உணவுக் கடைகளில் ஒரு பங்கை ஒரே கடை நடத்தும் உள்ளூர்க்காரர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், ஊழியர் கூட்டுறவுகளுக்கும் ஒதுக்க வேண்டும். பெரிய விற்றுமுதல் காட்டினால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை இந்த ஒதுக்கீட்டுக்குப் பொருந்தக் கூடாது.

2. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவுசெய்வது வணிகக் கட்டடங்களுக்கும் பொருந்தும் என்பதைச் சிறு கடைக்காரர்களுக்கு எடுத்துச்சொல்லி, பதிவுக்கு உதவி மையங்கள் அமைக்க வேண்டும். வாய்மொழி ஏற்பாட்டில் இருப்பவரைத்தான் எளிதில் வெளியேற்ற முடிகிறது.

3. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படியான நகர விற்பனைக் குழுக்கள் முறையாகக் கூட வேண்டும். தள்ளுவண்டியில் காபி விற்பவர்களுக்குச் சான்றும் இடமும் தராமல் அகற்றக் கூடாது.

4. காபி வாரியத்தின் வறுத்தல், சுவைத்தல் பயிற்சிகள் தமிழில், மாவட்டங்களில், சிறு கடை மாஸ்டர்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெரும் நிறுவனங்களுக்கு:

5. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்போர் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழிலும் காட்ட வேண்டும்.

6. சேவைக் கட்டணத்தைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டியது. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒவ்வொரு கிளையும் அதன்படி நடக்க வேண்டும்.

7. தமிழ்நாட்டுக் கிளைகளில் நம் மலைகளின் சிறு விவசாயிகளிடம் வாங்கிய காபியை விற்க வேண்டும். எந்த ஊர்க் கொட்டை என்று எழுதிவைக்க வேண்டும்.

ஊர்க் காபிக் கடைகளுக்கு:

8. ஒரே குவளை, ஒரே இருக்கை, ஒரே விலை, ஒரே மரியாதை. இதில் எந்த விலக்கும் இல்லை.

9. பெண்கள் தயங்காமல் வந்து உட்காரும்படி இருக்கையும், வெளிச்சமும், இயன்ற இடத்தில் கழிப்பறையும் அமைக்க வேண்டும். தனித்து முடியாத இடத்தில் நான்கைந்து கடைகள் சேர்ந்து செய்யலாம்.

10. காபித்தூள் கலவையில் சிக்கரி 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பொட்டலத்தில் அச்சிட வேண்டிய அந்த விகிதத்தைக் கடைப் பலகையிலும் எழுதுங்கள். சிக்கரி சேர்ப்பதில் தவறில்லை, மறைப்பதில்தான் தவறு.

11. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நன்றாகக் கழுவிய எவர்சில்வர் டம்ளர் நம் கடைகளின் பெருமை, அதை விட்டுவிடாதீர்கள்.

12. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. விடியற்காலை முதல் நின்றபடியே காபி ஆற்றும் மாஸ்டருக்கும் அந்த வசதி வேண்டும். இருக்கையும் குறைந்தபட்சக் கூலியும் தவறாமல் கொடுங்கள்.

வாசகர்களுக்கு

உங்களுக்குப் பிடித்த இடத்தில் காபி குடியுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு உங்கள் தெருவில் ஒரு ஊர்க் கடை இருந்தால் அதற்கும் வாடிக்கையாளராக இருங்கள். அங்கே குறை கண்டால் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். எவரையாவது தனிக் குவளையிலோ தனி இடத்திலோ நடத்துவதைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள். காவல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் புகார் செய்யுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம், நம் பொது இடங்களில் சிறு கடைகளுக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இருபது ரூபாய் வைத்திருப்பவரும் மரியாதையோடு உட்கார்ந்து நல்ல காபி குடிக்கக்கூடிய கடை ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது நம் எல்லாருடைய கடமை.