தைல மரத்தின் சொந்த ஊர்

ஊட்டிப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தைல மரத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இருக்காது. 1840களில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். விறகுக்காகப் பரவலாக நட்டார்கள். சோலைகளும் புல்வெளிகளும் சுருங்கின. அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

அதே யூகலிப்டஸ் குடும்பத்து மரங்களை வெட்டக் கூடாதென்று ஆஸ்திரேலியாவில் மக்கள் நீதிமன்றம் ஏறுகிறார்கள். இதில் முரண் எதுவுமில்லை. இங்கே அது வந்தேறி. அங்கே காடே அதுதான்.

விக்டோரியா மாநிலத்து மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரம், பூக்கும் தாவரங்களில் உலகிலேயே உயரமானது. வயதேறினால்தான் அதில் பொந்து விழும். அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடிக்கும். லெட்பீட்டர் பாசம் என்ற அணிலளவுப் பிராணிக்கு அந்தப் பொந்துதான் வீடு. அற்றுப்போனதாக நினைத்திருந்து, 1961-ல் மறுபடி கண்ணில் பட்டது. மாநில விலங்கும் அதுவே. வனத்துறைக் கணக்கிலோ, ஒருமுறை வெட்டினால் அடுத்த வெட்டு சுமார் 80 ஆண்டில் என்றிருந்தது. 'வெட்டிய இடத்தில் விதைத்துவிட்டோமே' என்றார்கள். பொய்யில்லை, மரம் முளைக்கும். பொந்து விழும் வயதை எட்டத்தான் விடவில்லை.

இவ்வளவும் எதற்காக? வெட்டியதில் பெரும்பங்கு கூழாகிக் காகிதமும் அட்டையுமானது. மேசை நாற்காலி ஆனது கொஞ்சம்தான். அதிலாவது லாபம் உண்டா என்றால், பொதுநிலத்து மரத்தை விற்ற அரசு நிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் 2021-22-ல் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. மக்கள் காட்டை மக்கள் வரிப்பணத்தில் அழிப்பது என்பது இதுதான்.

2022-ல் மாநில உச்ச நீதிமன்றம், கிரேட்டர் கிளைடர் என்ற பறக்கும் பாசம் இருக்கிறதா என்று ஒழுங்காகத் தேடிப் பார்க்காமல் வெட்டக் கூடாதென்றது. வெட்டு ஏறக்குறைய முடங்கியது. 2030 வரை வெட்டுவோம் என்றிருந்த அரசு, 2024 ஜனவரி 1-லேயே நிறுத்திக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவும் அதே நாளில் நிறுத்தியது.

நியூ சவுத் வேல்ஸ் 2025 செப்டம்பரில் கோலாக்களுக்காக 1,76,000 ஹெக்டேரில் வெட்டை நிறுத்தியது. மற்ற அரசுக் காடுகளில் ரம்பம் ஓயவில்லை. டாஸ்மேனியா இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறது. வேலை போய்விடும் என்பது பழைய வாதம். ஆலைத் தொழிலாளிக்கு இழப்பீடும் மறுபயிற்சியும் கொடுக்க விக்டோரியா பணம் ஒதுக்கியிருக்கிறது. நாட்டின் மரத் தேவையில் பெரும்பகுதி ஏற்கெனவே தோட்டக் காடுகளிலிருந்துதான் வருகிறது. நியூ சவுத் வேல்ஸுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இனிச் சாக்கு ஏதும் மிச்சமில்லை.