என்னென்ன படித்திருக்கிறீர்கள்?



குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த சாமிநாதர், அவ்வூர்க்கு முறைமன்ற நடுவராக வந்து சேர்ந்த சேலம் இராமசாமியாரை 1880ஆம் ஆண்டு அக்தோபர் 21ஆம் நாள் காணச் சென்றார். வந்தவரை நோக்கி இராமசாமியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். சாமிநாதரும் சளைக்கவில்லை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, ஊர்ப்புராணம் என்று தாம் கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். படித்ததில்லை; அவை கைக்குக் கிடைத்ததும் இல்லை.

இச்செய்தியைச் சாமிநாதரே தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் கிழமைதோறும் வெளிவந்து, அவர் மறைவுக்குப் பின் 1950இல் நூலுருப் பெற்றது அது. அண்மையில் அதனை முழுமையாகப் படித்து முடித்தேன். அதனோடு சேர்த்து, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரனாரின் பதிப்புரைகளையும் படித்தேன். உடன் படிப்போராகிய உங்களோடு இவ்விரண்டையும் பற்றிச் சில பேசவேண்டும்.

முதலிற் கூறத்தக்கது, நம்மவருட் பலர் சாமிநாதர் நூலைத் தொடுவதே இல்லை என்பது. பெயரிலேயே வடசொல், பக்கந்தோறும் வடசொல், எழுதியவரோ பார்ப்பனக் குடியினர், எனவே நமக்கு வேண்டா என்று ஒதுக்கிவிடுகின்றனர். நடையை ஒப்புக்கொள்ளாமைக்கு நமக்கு முழு உரிமை உண்டு, யானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயின் ஒரு நூலைப் படித்தபின் மறுப்பது வேறு; படிக்காமலே மறுப்பது வேறு. பின்னதற்குக் கொள்கை என்று பெயரிடுவது சோம்பலுக்குப் பொன்முலாம் பூசுவதாகும். புறநானூற்றை எடுத்துக்காட்டாமல் நம் மேடையில் ஒரு கூட்டமும் முடிவதில்லை. அப்புறநானூறு 1894இல் எவர் கையால் அச்சேறியது? பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும் எவர் உழைப்பால் வெளிவந்தன? அவ்வுழைப்பின் கதையைப் படிக்க மறுத்துவிட்டு, அதன் பயனை மட்டும் முழங்குவது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

நூலில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி, சிந்தாமணிக்குப் பொருள் தேடி அவர் அலைந்த பகுதியே. தமிழ்ப் புலவர் பலர் இருந்தும் அந்நூலின் சமணக் கருத்துகளை விளக்க வல்லார் கிடைக்கவில்லை. இறுதியில் குடந்தையிலேயே வாழ்ந்த சமணக் குடும்பத்தாரை நாடிச் சென்றார். அங்கே வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. ஏதேனும் மங்கல நிகழ்ச்சியோ என்று பார்த்தால், அன்றுதான் அவ்வீட்டார் சிந்தாமணியை ஓதிக் கேட்டு முடித்தனராம், அதற்கே அவ்விழா! எண்ணிப் பாருங்கள். புலவருலகம் மறந்த ஒரு பெருநூலை, ஓர் இல்லத்தார் கூடியிருந்து படித்து, படித்து முடித்த நாளைத் திருநாளாகக் கொண்டாடியிருக்கின்றனர். அந்நூல் பிழைத்து வந்தது அத்தகையோரால்.

நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் அவரைத் திகைக்கவைத்ததும் அறியத்தக்கது. உரையாசிரியர் நூற்பெயர் கூறாமலே அடிகளை எடுத்தாள்கின்றார். அவை எந்நூலைச் சார்ந்தவை என்று கூறுவார் இல்லை. பின்னர்த் திருவாவடுதுறை மடத்தில் எட்டுத்தொகை ஏட்டைக் கண்டெடுத்துப் புரட்டியபோதுதான், அம்மேற்கோள்களின் பிறப்பிடம் அவர்க்குத் தெரியவந்தது. ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டமையாலேயே அவர்க்கு அடுத்த நூலின் கதவு திறந்தது. இன்று நம் இளைஞர் பலர் ஒரு சொல்லைப் பழஞ்சொல் என்று எழுதுகின்றனர்; எந்நூலில், எவ்விடத்தில் என்று கேட்டால் எவரோ எழுதினார் என்கின்றனர். தனித்தமிழ்ச் சொல்லுக்கு மூலநூலே சான்று. மூலத்தைப் படியாதவன் கையில் அச்சான்று எங்ஙனம் இருக்கும்?

குறைகளையும் கூறிவிடுகின்றேன். மடத்துச் சிறப்புகளும் புரவலர் புகழும் வேண்டியதற்கு மேலாக நீள்கின்றன. உண்ட விருந்தெல்லாம் நினைவிருக்கின்ற அவர்க்கு, வீட்டுப் பெண்டிரைப் பற்றிச் சொல்ல மிகச் சிலவே இருக்கின்றன. எனினும் ஆசிரியர் மீனாட்சிசுந்தரனாரைப் பற்றிய பகுதியில் இக்குறையெல்லாம் மறந்துபோகும். 1876இல் அப்பெருமகனார் உயிர் பிரியும் வேளையில், கிறித்தவராகிய சவேரிநாதர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதர் திருவாசகம் படிக்கின்றார். மாணவரிடையே தமிழ் எத்தகைய உறவை உண்டாக்கியது என்பதை இக்காட்சியினும் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

தாமோதரனார் நூலோ அளவிற் சிறிது, சூடு மிகுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டத்தேர்வில் 1857இல் தேறிய இருவருள் ஒருவர் அவர், மற்றவரும் யாழ்ப்பாணத்தாரே. புதுக்கோட்டையில் முறைமன்ற நடுவராகவும் இருந்தவர். வளமாக வாழ்ந்திருக்கலாம்; செல்லரித்த ஏடுகளோடு வாழ்ந்தார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே. தொட்டால் ஒடிந்து விழும் ஏடுகளைப் பற்றி அவர் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதியிருப்பதைக் கண் கலங்காமல் படித்தல் அரிது. அவர் அழுகைக்கு நாம் உருகுகின்றோம். ஆனால் அவர் சினம் நம்மையும் சுட வேண்டும். ஏடு வைத்திருந்தும் கொடாதாரையும், உதவாமலே குற்றம் மட்டும் கூறுவாரையும் அவர் பொறுத்தாரில்லை. அவ்விருசாராரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அரிய நூற்படிகளை நிலைப்பேழையிற் பூட்டி வைத்துத் திறவுகோலை மடியிற் கட்டிக்கொண்டு திரியும் தமிழன்பர் சிலரை நீங்களும் அறிவீர்கள்.

இரு நூல்களும் இன்று கிடைக்காதவை அல்ல. தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம்பதிப்புகள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. ஏட்டுக்காக ஊர் ஊராக நடந்தவர்களின் வழிவந்த நாம், கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு திறவாமலே இருக்கின்றோம்.

வரும் திங்களுக்குள் கலித்தொகைப் பதிப்புரையை மட்டுமேனும் படியுங்கள், சில பக்கங்களே. பாராட்டுமடல் வேண்டா. எவ்விடத்தை ஒப்புக்கொள்ளவில்லை, எச்சொல் விளங்கவில்லை என்று இடஞ்சுட்டி எழுதுங்கள். ஓர் அஞ்சலட்டை போதும். யான் அடுத்து எடுத்து வைத்திருப்பது பின்னத்தூர் நாராயணசாமியாரின் 1915ஆம் ஆண்டு நற்றிணைப் பதிப்பு. அதன் உரையைப் பற்றி எனக்குச் சில ஐயங்கள் உண்டு. முன்னரே படித்தோர் இருப்பின் உதவுக.